அரை நிமிட நாற்காலி

காக்ஸ் டவுன் சர்ச் ஹாலில் முதியவர்களின் கால் வலுவைச் சோதிக்கிறார்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு, அரை நிமிடத்தில் நாற்காலியிலிருந்து எத்தனை முறை எழுந்து உட்கார முடிகிறது என்பதுதான் சோதனை. சுவரில் 1998ஆம் வருடத்துக் காலண்டர் மின்விசிறிக் காற்றில் படபடக்கிறது. சன்னலின் வண்ணக் கண்ணாடி வழியே வரும் வெயில், எழுபத்து நான்கு வயது அருள்நாதனின் வெள்ளை ஷூவில் நீலமாக விழுந்திருக்கிறது. பத்து முறை எழுந்து முடித்தவர் மூச்சு வாங்க மனைவியைக் காட்டுகிறார். "தினம் அல்சூர் ஏரியை ரெண்டு ரவுண்டு நடக்கறேன்மா. இவ கிச்சனை விட்டு நகர மாட்டா." ஸ்டாப்வாட்சுடன் நிற்கும் நிருபமா சிரிக்கிறாள். அடுத்து எமிலி. புடவை சரசரக்க எழுகிறார், உட்காருகிறார், எழுகிறார். மூச்சு மாறவே இல்லை. ஒன்பதாவது முறை எழும்போது கணவரின் முகம் கண்ணில் படுகிறது. மெல்ல உட்கார்ந்துவிடுகிறார். "இன்னும் டைம் இருக்கு ஆன்ட்டி." "போதும்மா, முடியல." அருள்நாதன் நெற்றியைத் துடைத்தபடி, "நான் சொன்னேன்ல?" என்கிறார். அவருடைய ஷூ லேஸ் அவிழ்ந்து தரையில் கிடக்கிறது. எமிலி எழுந்துபோய், அவர் காலடியில் குந்தி, நிதானமாக லேஸைக் கட்டிவிட்டு, எதையும் பிடிக்காமல் எழுந்து நிற்கிறார். ஒன்பது என்று எழுதப்போன நிருபமாவின் பென்சில் தாளின்மேல் அப்படியே நிற்கிறது.