நாலு சில்லுப் பெருமை

மோகனதாஸ் புதுக் கார் வாங்கி மூன்று வாரம்தான் ஆகிறது. அதற்குள் கிளேட்டனில் அவரைக் கண்டால் அடுத்த தெருவால் திரும்பிப் போகாத தமிழர் இல்லை.

"சும்மா கார் இல்லை, ஓல் வீல் டிரைவ். ஒரு சில்லு வழுக்கினா அதுவே கண்டுபிடிச்சு மற்றச் சில்லுகளுக்குப் பலத்தைக் குடுக்கும். பனியெண்டாலும் சேறெண்டாலும் அதுக்கு ஒண்டுதான்!"

கேரம் டவுன்ஸ் கோயிலில் காருக்குப் பூசை செய்த குருக்களையும் அவர் விடவில்லை. முன் சில்லு இரண்டுக்கும் தேசிக்காய் வைத்தவரிடம், "ஐயா, இது நாலும் இழுக்கிற கார்" என்று வகுப்பெடுத்து, பின்னாலும் இரண்டு வைக்கச் செய்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அந்தக் காரில்தான், இங்கே நடுக் குளிர்காலமான ஜூலை மாதத்தில் ஒரு சனிக்கிழமை, பனி பார்க்க வார்பர்ட்டன் மலைக்குப் போனார்கள். கூட மனைவி சந்திரிகா, அவள் தங்கை ரஞ்சினி. பக்கத்து வீட்டு செந்தில்நாதனும் ஏழு மாதக் கர்ப்பிணியான மனைவி பத்மாவும் தங்கள் பழைய சின்னக் காரில் பின்னால் வந்தார்கள். மதுரைக்காரர்கள். பனியைக் கண்ணால் பார்ப்பதே இதுதான் முதல் தடவை.

பின்னேரம் திரும்பும் நேரம் பார்த்து பனி கொட்டத் தொடங்கியது.

"பத்மா, நீங்கள் எங்கட காரில வாங்கோ" என்றார் மோகனதாஸ். "சீற் சூடாகும். இடுப்புக்கு நல்ல சுகம்."

"தொடங்கிட்டார்" என்று முணுமுணுத்தாள் ரஞ்சினி. பிள்ளைத்தாய்ச்சியைக் கூட விடாமல் கார் காட்டுகிற மனுஷன்!

ஆனால் இறங்கத் தொடங்கியதும் கதை மாறியது. கார் ஊர்ந்தது. வேகம் காட்டும் முள் இருபதைத் தாண்டவே இல்லை.

"என்னப்பா, கார் பழுதா?" என்றாள் சந்திரிகா.

"இல்லை."

"அப்ப நாலு சில்லும் என்ன செய்யுது?"

"நாலு சில்லும் இழுக்கிறது ஏறத்தான். பனியில பிரேக் பிடிச்சா எல்லாக் காரும் ஒண்டுதான்."

"இதை மூண்டு கிழமையா ஏன் ஒருத்தருக்கும் சொல்லேல்லை, அத்தான்?" என்றாள் ரஞ்சினி.

பத்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

பின்னால் ஹாரன் கேட்டது. போன மாதம் லைசென்ஸ் எடுத்தவள் போலிருந்த ஒரு சின்னப் பெண், டப்பா மாதிரி ஒரு காரில் இவர்களை முந்திக்கொண்டு போனாள். போகும்போது கையும் காட்டினாள்.

சந்திரிகாவுக்கு மானம் போனது. "கெதியாப் போங்கோவன்! இந்த ஓட்டத்துக்கு எங்கட பழைய காரே போதும்."

மோகனதாஸ் முள்ளை இருபதிலேயே வைத்திருந்தார். அவர் கண் முன்னால் இருந்ததைவிடப் பின்கண்ணாடியில்தான் அதிகம் இருந்தது.

அரை மணியில் இறங்க வேண்டிய மலையை ஒன்றேகால் மணியில் இறங்கினார்கள். வார்பர்ட்டனில் ஒரு பேக்கரி வாசலில் இரண்டு கார்களும் நின்றன. செந்தில்நாதன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தான்.

"என்ன தம்பி, எங்களுக்குப் பின்னால வந்து நித்திரை வந்திட்டுதா?" என்று கேட்டாள் ரஞ்சினி.

"இல்லங்க. அங்கிள் மேலயே என்கிட்ட சொல்லிட்டாரு. அவருக்குப் பனியில ஓட்ட பயமாம். 'தம்பி, என்னை முந்தாம, ஆறு கார் தூரம் விட்டுப் பின்னாலயே வாங்கோ, அப்பத்தான் எனக்குத் தைரியம்'னாரு. பெரியவர் கேக்கும்போது எப்படிங்க விட்டுட்டு வர்றது?"

"ஓம், ஓம். நீர் இல்லாட்டி நான் இறங்கியிருக்க மாட்டன்" என்றார் மோகனதாஸ், தலையைக் குனிந்தபடி.

ரஞ்சினிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கிளேட்டன் முழுக்க இன்று இரவே இந்தக் கதை ஓடிவிடும். சந்திரிகாவுக்கோ அழுகையே வந்துவிட்டது. சிங்கம் மாதிரிப் பேசித் திரிந்த மனுஷன், நேற்று வந்த பெடியனிடம் துணை கேட்டிருக்கிறாரே!

செந்தில்நாதனும் பத்மாவும் ரஞ்சினியோடு சூடாகக் காப்பி வாங்க உள்ளே போனார்கள். வீரக் கதையை அவன் பத்மாவுக்கு மறுபடியும் சொல்வது வாசல் வரை கேட்டது.

சந்திரிகா கணவன் பக்கம் திரும்பினாள். "உண்மையாவே உங்களுக்குப் பயமா?"

"பின்னே?" என்றார் மோகனதாஸ், குரலைத் தாழ்த்தி. "அந்தப் பெடியன்ர முன் டயர் ரெண்டும் வழுவழுவெண்டு தேய்ஞ்சு கிடக்கு. அதை மலையில வச்சுச் சொல்லியிருந்தா, அவன் பயந்து நடுங்கிக்கொண்டெல்லே இறங்கியிருப்பான்."