மூன்று எண்ணும் நேரம்

எஞ்சினுக்கு வேகம் கூட்டும் பெரிய டர்போ கெட்டுப்போனதால், போன மாதம்தான் மிசோகுச்சியின் ரோட்டரி எஞ்சின் காருக்குச் சின்ன டர்போ மாட்டியிருந்தார் மெக்கானிக் ஹதகேயாமா. அதற்குள் ஆசாமி திரும்பி வந்து நின்றான்.

“என்ன தம்பி குறை?”

“குறையே இல்லண்ணே. மிதிச்ச உடனே பாயுது. அதான் குறை. பழையபடி பெரிசே போட்டுடுங்க.”

“நம்ம தகாசாகி ஊருக்குள்ள நூறடிக்கு ஒரு சிக்னல். பெரிய டர்போ தூங்கி எழுந்து, சோம்பல் முறிச்சு, அப்புறம்தான் வேலைக்கு வரும். என்னை மாதிரி!”

“மூணு எண்ணுற நேரம் ஆகுமில்ல?”

“ஆகும். அந்த அவஸ்தைக்குத்தானே எல்லாரும் அதைக் கழட்டுறாங்க?”

“மூணு கண்டிப்பா வேணும்ணே. ரெண்டு பத்தாது.”

ஹதகேயாமா ஸ்பேனரைக் கீழே வைத்தார். முப்பது வருடத் தொழிலில், தாமதத்தைக் கேட்டு வாங்க வந்த முதல் ஆள் இவன்தான்.

மிசோகுச்சி தலையைச் சொறிந்தான். “விவாகரத்துக்கு அப்புறம் பொண்ணை மாசத்துக்கு ஒரு ஞாயிறுதான் அனுப்புறாங்க. சிக்னல் பச்சையானதும் ‘ஒண்ணு, ரெண்டு, மூணு’ம்பா. கார் பாயும். தான் சொல்லித்தான் பாயுதுன்னு அவளுக்கு நினைப்பு. இந்தத் தடவை ‘ஒண்ணு’ சொல்றதுக்குள்ளயே பாஞ்சிடுச்சு. ‘அப்பா, கார் என் பேச்சைக் கேக்கல’ன்னா. அப்புறம் வீடு வர்ற வரைக்கும் பேசவே இல்ல.”

ஹதகேயாமா பரணிலிருந்து ஒரு பெரிய டர்போவை இறக்கினார்.

“இப்ப மூணு. அடுத்த வருஷம் பத்து வரைக்கும் எண்ணுவாளே? லாரி டர்போதான் மாட்டணும்!”

“அடுத்த வருஷம் என்ன தூரமாண்ணே?” மிசோகுச்சி சிரிக்கப் பார்த்தான். “நடுவுல அவ வர்ற ஞாயிறு பன்னண்டேதானே.”