இருபத்தோரு எழுத்து

திரையில் கட்டம் கட்டமாக விழுந்தது. ஒரு தமிழ் எழுத்துகூட இல்லை.

மதன்குமார் காந்திபுரத்துக்குப் போன் போட்டான். அங்கே கடை வைத்திருக்கும் ஆசிப்தான் இந்தப் பழைய லேப்டாப்பைக் கொடுத்தவர். படம், மௌஸ் எதையும் தாங்காத மெஷின். லினக்ஸ் என்ற இலவச மென்பொருளை ஏற்றி, கறுப்புத் திரையில் வெறும் எழுத்து மட்டும் வருகிற மாதிரி செய்திருந்தார்.

“அதுல தமிழ் வராதுங்க மதன். இங்கிலீஷ் எழுத்துலயே தமிழ அடிச்சுப்போடுங்க.”

“படிக்கறவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதுங்க.”

ஆசிப் ஒரு வழி சொன்னார். ஃபான்ட்டில், அதாவது எழுத்துருவில், யாரும் தொடாத இடங்கள் இருக்கும். அங்கே நாமே எழுத்தை வரைந்து வைக்கலாம், புள்ளி புள்ளியாக.

தாளில் எழுதி ஒட்டிப் பார்த்தாயிற்று. வேலைக்குப் போன பிறகு அதை மாற்ற முடியவில்லை. இதில் என்றால் பெரியநாயக்கன்பாளையம் கம்பெனியில் இருந்தபடியே நெட் வழியாக வரியை மாற்றலாம்.

சொல்ல வேண்டியதை ஒரு தாளில் எழுதினான். திரும்ப வருகிற எழுத்துகளைக் கோடு போட்டு அடித்தான். இருபத்தோன்று மிஞ்சியது.

எழுத்துக்கு முப்பத்திரண்டு வரிசை. வரிசைக்கு முப்பத்திரண்டு புள்ளி. ‘ப’ வேறு, ‘பு’ வேறு. இரண்டையும் தனித்தனியாக வரைய வேண்டும்.

மத்தியானம் சாதம் வடித்தான். மனைவி புவனாவுக்குத் தட்டை உள்ளே வைத்துவிட்டு, ஹாலில் உட்கார்ந்து தனியாகச் சாப்பிட்டான். அவள் மாத்திரை போட்டுக்கொண்டு தூங்கிவிட்டாள். நாலு மணிக்கு எழுந்துவிடுவாள்.

‘ன்’ பார்ப்பதற்கு ‘ண்’ போல இருந்தது. சுழியில் நாலு புள்ளியை அழித்தான்.

மூன்றேகாலுக்கு ஒரே ஒரு எழுத்து பாக்கி. ‘ங்’.

அது இல்லாமலும் சமாளிக்கலாம். ‘உங்க’ என்பதற்குப் பதில் ‘உன்’ என்று ஒருமையில் எழுதினால் போதும்.

கொஞ்சம் யோசித்தான். பிறகு ‘ங்’ வரைந்தான்.

ஃபான்ட்டை ஏற்றியதும் திரை ஒருமுறை துடித்து அடங்கியது. வெள்ளை நிறம் அவள் கண்ணை உறுத்தும் என்று மஞ்சளாக மாற்றினான். பத்து நிமிடத்தில் திரை தானாக இருண்டுபோவதையும் நிறுத்தினான்.

சத்தமில்லாமல் லேப்டாப்பைக் கொண்டுபோய்க் கட்டிலுக்கு நேரே ஸ்டூலில் வைத்தான். சமையலறைக் கதவுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான்.

கட்டில் கிரீச்சிட்டது. அப்புறம் அவள் ஒவ்வொரு சொல்லாகப் படிப்பது கேட்டது.

“புவனா... நான் மதன்... உங்க வீட்டுக்காரன்... பயப்படாதீங்க.”

விபத்தில் தலையில் அடிபட்டுப் பதினோரு மாதமாகிறது. அன்றிலிருந்து தூங்கி எழும்போதெல்லாம் அவளுக்கு அவன் யாரோ. போன வாரம் கட்டிலருகே நின்றவனைப் பார்த்து அவள் அலறியதில் பக்கத்து வீட்டிலிருந்து ஆள் ஓடிவந்தது.

இன்று அவள் அலறவில்லை.

“ஏனுங்க, வெளியில யாராச்சும் இருக்கீங்களா?”

அவன் கதவைப் பிடித்துக்கொண்டான்.

“இருக்கேனுங்க.”

“மதனுங்களா?”

“ஆமாங்க.”

உள்ளே அவள் புடவையைச் சரிசெய்துகொள்ளும் சத்தம் கேட்டது.

“உள்ள வாங்க,” என்றாள்.