மத்தியான வகுப்பு

மலையடிவாரத்தில் சங்கு ஊதியதும் நாடேஜ் எழுந்து சன்னல் இடுக்கில் பார்த்தாள். பார்த்த வேகத்தில் கட்டிலுக்கடியில் புகுந்துகொண்டாள். கும்பலாக ஆண்கள், ஆளுக்கொரு வெட்டரிவாள், நேராக இந்த வீட்டை நோக்கித்தான் வருகிறார்கள்.

மியாமியிலிருந்த அப்பாவுக்குப் போன் போட்டாள். அவர் தலைவராக இருக்கும் ஹைட்டியர் சங்கம்தான் அவளை ஆலோசகராகச் சொந்த ஊருக்கு அனுப்பியிருந்தது.

"அப்பா, கடத்தல் கும்பல்ப்பா! அத்தையையும் காணோம்."

"சத்தம் போடாதே. வெளிநாட்டுக்காரி வந்திருக்கான்னு மோப்பம் பிடிச்சிருப்பாங்க. எத்தனை பேரு?"

"ஊரே வருது. சங்கு ஊதறாங்க, மேளம் அடிக்கிறாங்க, பாட்டு வேற..."

"சங்கா?" என்றார் அப்பா.

"ஆமா. வாசலுக்கே வந்துட்டாங்கப்பா!"

மறுமுனையில் அப்பா அழுவது கேட்டது. அவளுக்கு உயிரே போய்விட்டது.

"வெளியே வாம்மா. அது கூட்டு வேலைக்குக் கூப்பிடற சங்கு. நம்ம நிலத்துல களை வெட்ட வந்திருக்காங்க. நான் ஊரைவிட்டு வந்து முப்பது வருஷமாச்சு. இன்னும் வருஷா வருஷம் ஊர்கூடி வந்து செய்யறாங்கன்னு உங்க அத்தை சொல்லுவா. நான்தான் நம்பலை."

கதவு தடதடவென்று தட்டப்பட்டது.

"ஏய் மியாமிக்காரி, இன்னுமா தூக்கம்?" அத்தையின் குரல். "பின்பக்கம் அடுப்பு மூட்டிட்டுத்தான் வர்றேன், வந்து எல்லாருக்கும் காபி ஊத்து! வேலையை முடிச்சுட்டு மத்தியானம் உன் வகுப்புக்கு வர்றாங்களாம், மொத்தப் பேரும்."

இப்போதுதான் நாடேஜுக்கு நிஜமாகவே பயம் வந்தது.

இந்த ஊர்க்காரர்களுக்குச் சேர்ந்து வேலை செய்யக் கற்றுக்கொடுக்கத்தான் அவள் வந்திருந்தாள்.