பக்கத்து மனையின் சரக்குப் பட்டியல்

“ஒரு பட்டாம்பூச்சிக்கு நாலாயிரம்னு வச்சுக்கோங்க. பதினாலு வகை இருக்கு. அதைச் சேர்க்காமத்தான் விலை சொல்லியிருக்கேன்.”

ஜன்னலுக்கு வெளியே கணவரின் குரல் கேட்டதும் அவள் கையில் கரண்டி அப்படியே நின்றது. பக்கத்துக் காலி மனையைப் பார்க்க யாரோ வந்திருந்தார்கள். இவர் கையில் அவளுடைய நோட்டு.

மனை கண்ணாடிக் கடைக்காரருடையது. கணவரின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். மழை விழுவதற்குள் நல்ல விலை வந்தால் கொடுத்துவிடு, வராவிட்டால் கிடக்கட்டும், பேரன் தலையெடுத்து வீடு கட்டிக்கொள்வான், எனக்கு அவசரமில்லை என்று பொறுப்பை இவரிடம் விட்டிருந்தார்.

ஆள் பார்த்துத்தான் விட்டார். இவர் நாற்பது வருடமாகக் கீலும் தாழ்ப்பாளும் விற்கிறவர். கடைத்தெருவில் பட்டப்பெயர் ‘ஒரே விலை’. படியேறிய ஆளை வெறுங்கையோடு இறங்கவிட்டதில்லை என்று மார்தட்டிக்கொள்வார். கீல் கேட்டு வந்தவருக்குக் கடைப் பென்சிலால் ‘கீல் ஒரு ஜோடி, திருகாணி தனி’ என்று ரசீது எழுதி, திருகாணியையும் தலையில் கட்டிவிடுவார்.

அவளுக்கோ பன்னிரண்டு வருடமாக அந்த மனைதான் உலகம். கோடை பிறந்ததும், அவர் கடைக்குக் கிளம்பிய கையோடு, சுற்றுச்சுவரின் இடிந்த மூலை வழியாக உள்ளே போய்விடுவாள். காலடியில் தும்பை வெள்ளையாக விரிந்திருக்கும். நெருஞ்சி மஞ்சள் கண்ணைத் திறக்கும். எருக்கம்பூவில் வண்டு தலைகுப்புறக் கிடக்கும். அங்கே ஒரு கீரி உண்டு. தினமும் அதே கல்லருகே நின்று, வாடகை கேட்க வந்தவளைப் பார்ப்பதுபோல அவளைப் பார்த்துவிட்டு ஓடும்.

எல்லாம் நோட்டில் ஏறும். முதல் பக்கத்தில் பட்டியல், பின்பக்கங்களில் அன்றாடக் குறிப்பு. முதல் மழை விழுந்ததும் மொத்தக் கணக்கு போட்டு மூடிவைப்பாள். கண்ணால் பார்க்காத ஒரு எறும்பைக்கூட எழுதமாட்டாள்.

“என் நோட்டை எதுக்குங்க எடுத்தீங்க?” என்றாள் அன்று மாலை.

“வாயால சொன்னா பேரம் பேசுவான். எழுத்துல இருந்தா நம்புவான். கடையில விலைப்பலகை எதுக்கு மாட்டியிருக்கேன்?”

“அங்க வீடு வந்தா கீரி எங்கங்க போகும்?”

“அதுக்கும் ஒரு இடம் பார்த்துக் கொடுத்துடலாம். தரகுகூட வேண்டாம்.”

அடுத்த இரண்டு நாள், தட்டில் சோறு விழுந்த சத்தம் மட்டும்தான் அந்த வீட்டில் பேச்சு. ஆனாலும் யாராவது மனை பார்க்க வந்தால் அவர் நோட்டைக் கேட்பார். அவளும் முகத்தைத் திருப்பிக்கொண்டே கொடுப்பாள்.

வந்தவர்கள் வாங்கவில்லை. முதல் ஆள் போனார். இரண்டாவது ஆள் யோசித்துச் சொல்கிறேன் என்றார். நான்காவதாக ஒரு பல் மருத்துவர் மனைவியோடு வந்தார். ஊஞ்சலை எங்கே போடுவது என்றெல்லாம் அந்தம்மாள் பேசிக்கொண்டிருந்தார். ‘ஒரே விலை’ நோட்டைப் பிரித்துக் காட்டினார். சற்று நேரத்தில் அந்தம்மாள் இரண்டு கையாலும் உடுப்பைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஆற்றைக் கடப்பதுபோலக் கல்லுக்குக் கல் தாண்டி வெளியேறினார். நெருஞ்சி முள் குத்தியிருக்கும் என்று நினைத்து, நெருஞ்சிக்கு மனசுக்குள் நன்றி சொன்னாள் இவள்.

ஏழாவது ஆளும் போனபின் கடைத்தெரு சும்மா இருக்குமா? ஒரே விலைக்கு ஒரே ஒரு ஆள்கூடச் சிக்கவில்லையாமே என்று பூட்டுக் கடைக்காரர் கேட்டாராம். வயசானால் நாக்கிலும் துரு ஏறும் என்று சொல்லி, எண்ணெய் டப்பா ஒன்றைக் கடைக்கே கொடுத்தனுப்பினாராம் பெயின்ட் கடைக்காரர். கணவர் வீட்டுக்கு வந்து அதைச் சொல்லிவிட்டு, சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

முதலில் அவளுக்கு இனிக்கத்தான் செய்தது. அந்த உட்கார்ந்த கோலத்தைப் பார்த்ததும் தாங்கவில்லை. நாற்பது வருடப் பெயர். போயும் போயும் ஒரு காலி மனையிலா கவிழ வேண்டும்?

காப்பியை நீட்டிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்: “வேணும்னா விலையைக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லிப் பாருங்களேன். எனக்கு ஒண்ணும் இல்ல. கீரி எங்கயாவது பொழைச்சுக்கும்.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். ஒரு வாய் காப்பி குடித்தார்.

“ஒரே விலைன்னா ஒரே விலைதான்.”

மூன்றாம் நாள் பிற்பகலில் மழை கொட்டியது. கண்ணாடிக் கடைக்காரர் போனில் கூப்பிட்டு, சரி விடு, பேரனுக்கே இருக்கட்டும், அவன் இப்போதுதான் பால்பல் விழுந்து நிற்கிறான் என்று சிரித்தார். இவர் நோட்டைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தார்.

“இந்தா உன் சரக்கு. ஒண்ணுகூட விற்கல,” என்று சொல்லிவிட்டு, வாசலில் மழை பார்க்கப் போய்விட்டார்.

அவள் வருடக் கணக்கு போட உட்கார்ந்தாள். இத்தனை நாளும் பின்பக்கங்களில் எழுதிக்கொண்டே போனவள், இந்தக் கோடையில் முதல்முறையாக முதல் பக்கத்துக்குத் திரும்பினாள்.

தும்பை, ஒரு விரிப்பு. பட்டாம்பூச்சி, பதினாலு வகை. தேன்சிட்டு, மூன்று. கீரி, ஒன்று. எல்லாம் அவள் எழுத்து.

அதற்குக் கீழே, பன்னிரண்டு வருடத்தில் அவள் கண்ணில் ஒருநாளும் படாத ஒன்று, கடைப் பென்சிலின் தடித்த எழுத்தில் ஏறியிருந்தது: ‘நல்ல பாம்பு, ஒரு ஜோடி. குட்டிகள் தனி.’