மூன்றாவது பெயர்

“சட்டைய இஸ்திரி போட்டுட்டு வந்து நானே என் கையால அழிக்கிறேன்மா, நீ எல்லாத்தையும் திறந்து மட்டும் வை” என்று சொல்லிவிட்டு மாமா உள்ளே போனார்.

மாலையில் அவருக்கு மேடை. வாழ்க்கையிலேயே முதல் மேடை. தலை நரைத்த பிறகு கிளாரினெட் கற்றுக்கொண்ட பல் டாக்டர் வேறு எங்காவது இருக்கிறாரா, தெரியாது. எங்கள் வீட்டில் இருக்கிறார்.

அழிக்கப்போவது அவர் இத்தனை வருடம் வாசித்துப் பழகிய பதிவுகளை. வருடத்துக்கு ஒரு ஃபோல்டர், அதற்குள் மாதத்துக்கு ஒன்று, அதற்குள் பாட்டுக்கு ஒன்று. பாதிக்கு மேல் வெறும் கீச். மேடையேறும் மனுஷனின் பழைய கீச் இனி யார் காதிலும் விழக்கூடாதாம்.

எனக்கு மனசே வரவில்லை.

நான் மருமகளாக வந்த அன்று எனக்காக வாசித்ததும் அதில்தான் இருக்கிறது. புது இடம், புது மனிதர்கள் என்று நான் உம்மென்று உட்கார்ந்திருந்தேன். பாட்டின் நடுவே கிளாரினெட் வாத்து மாதிரி கத்தியது. விழுந்து விழுந்து சிரித்தேன். அத்தை தலையில் அடித்துக்கொண்டு எழுந்து போனார்.

அத்தையிடம் சொல்லி மாமாவைத் தடுப்பது நடக்காத காரியம். ஒரு ஆஸ்பத்திரியின் அத்தனை கம்ப்யூட்டர்களையும் கட்டி மேய்க்கிறவர், வீட்டில் வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும். மாமா கிளாரினெட்டைக் கையில் எடுத்தாலே கதவைச் சாத்திக்கொள்வார்.

அதனால் திருட்டு வேலைதான்.

வீட்டில் எல்லோருக்கும் ஒரே கம்ப்யூட்டர், அதில் ஆளுக்கு ஓர் இடம். நாலே வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். மாமாவின் ஃபோல்டர்களைப் போலவே என் இடத்தில் ஒவ்வொன்றாக உண்டாக்கி, உள்ளே இருக்கும் ஒவ்வொரு ஃபைலுக்கும் இன்னொரு பெயர் வைக்கும். நகல் இல்லை, அதே ஃபைல்தான். பெயர் மட்டும் இரண்டு. மாமா ஒரு பெயரை அழித்தாலும் மற்றது இருக்கும்வரை ஃபைலுக்கு ஒன்றும் ஆகாது.

ஓட்டினேன். கண் இமைப்பதற்குள் முடிந்துவிட்டது.

சரிபார்க்க, நான் மருமகளாக வந்த அன்றைய பதிவை எடுத்தேன். ஒரு ஃபைலுக்கு எத்தனை பெயர் என்று கம்ப்யூட்டர் எண்ணிச் சொல்லும். இரண்டு என்று வர வேண்டும்.

மூன்று என்று வந்தது.

ஸ்கிரிப்ட் சொதப்பிவிட்டது என்று நினைத்து அடுத்ததைப் பார்த்தேன். மூன்று. நேற்று பதிந்தது? அதுவும் மூன்று.

எனக்கு முன்பே யாரோ இதே திருட்டைச் செய்திருக்கிறார்கள்!

அந்த மூன்றாவது பெயர் எங்கே இருக்கிறது என்று தேடச் சொன்னேன். அத்தையின் இடத்தில், ‘பழைய பிரிண்டர் டிரைவர்’ என்ற ஃபோல்டரில் போய் நின்றது. இந்த ஜென்மத்தில் யாரும் திறந்து பார்க்காத பெயர்.

உள்ளே வருடமும் இல்லை, மாதமும் இல்லை. ‘எனக்குக் காய்ச்சல்.’ ‘சண்டைக்கு மறுநாள்.’ ‘இன்னிக்கு ஒரு கீச்கூட இல்ல.’ இருப்பதிலேயே பெரிய ஃபோல்டருக்குப் பெயர் ‘கதவுக்கு இந்தப் பக்கம்.’

சந்தோஷத்தில் எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. வாயைப் பொத்திக்கொண்டேன்.

மாமா சூடான சட்டையோடு வந்தார். தன் ஃபோல்டர்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து, ஒரு விரலால் ஒரே அழுத்து. பரீட்சை முடிந்த பையன் மாதிரி கைகளைத் தேய்த்துக்கொண்டார்.

“அழிச்சாச்சா? அப்பாடா, வீட்டப் பிடிச்ச பீடை ஒழிஞ்சுது!” உள்ளேயிருந்து அத்தையின் குரல்.

மாமா என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கிவிட்டுக் கிளாரினெட்டைத் துடைக்கப் போனார்.

நான் வந்த அன்றைய பதிவை மறுபடி பார்த்தேன். இப்போது இரண்டு. ஒன்று என்னுடையது. அத்தை அதை எங்கே வைத்திருக்கிறார் என்று தேடினேன். காய்ச்சலில் இல்லை, சண்டையில் இல்லை, கதவுக்கு இந்தப் பக்கமும் இல்லை.

அதற்கென்று தனியாக ஒரு ஃபோல்டர். உள்ளே அது ஒன்று மட்டும்.

‘பொண்ணு சிரிச்சுட்டா, அப்பாடா.’