மூன்றாவது மாடியிலிருந்து ஒரு புகார்

வேலை செய்யாமல் சம்பளம் வாங்கும் ஆளைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. அதனால்தான் அந்தப் புகாரை எழுதினாள்.

மூன்றாவது மாடிப் பால்கனிக்கு நேர் எதிரே தெருமுனைப் பூங்கா. போன வருஷம்வரை சீராக வெட்டிய புல்லும் சிவப்பு இலைச் செடிகளுமாக இருந்த இடம். இப்போது முழங்கால் உயரத்துக்குக் கன்னாபின்னாவென்று என்னென்னவோ முளைத்துக் கிடந்தது.

தங்க வந்திருந்த நாத்தனார்தான் ஆரம்பித்து வைத்தாள்.

"ஏன் அண்ணி, உங்க தெருவுக்கு மாநகராட்சி கிடையாதா? இல்ல, பாம்பு வளர்க்கறாங்களா?"

அண்ணிக்குச் சுருக்கென்றது. கல்லூரியில் முப்பது வருஷமாகத் தாவரவியல் நடத்துகிறவள். அவள் வீட்டுக்கு எதிரே இப்படியொரு புதரா?

அன்று மாலையே பால்கனியில் நின்றபடி படம் எடுத்து, மாநகராட்சிச் செயலியில் ஏற்றினாள். பிழையில்லாத தமிழில் எழுதினாள்: 'இங்குள்ள தோட்டப் பணியாளர் களைகூடப் பிடுங்குவதில்லை. பொதுமக்களின் வரிப்பணத்தில் சோம்பேறித்தனம் செழித்து வளர்கிறது.'

கடைசி வரி அவளுக்கே பிடித்துப்போயிற்று. நாத்தனாருக்கு வாசித்துக் காட்டிவிட்டு, கீழே தன் பெயரைப் பட்டத்தோடு போட்டாள்.

பத்தாம் நாள் பதில் வந்தது. 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது. திருப்தியா?'

ஐந்து நட்சத்திரத்தையும் அழுத்திவிட்டு எட்டிப் பார்த்தாள். பாதிப் பூங்கா வெறும் மண்ணாகியிருந்தது. ஓர் ஆள் மண்வெட்டியோடு குனிந்திருந்தார்.

இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று நயமாக நாலு வார்த்தை சொல்லத்தான் இறங்கிப் போனாள்.

வாயைத் திறக்குமுன் அவர் நிமிர்ந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

"டீச்சரம்மா, நீங்களா! என்னைத் தெரியலையா? பயிற்சி மண்டபத்துல மூணாவது வரிசை. நிறையக் கேள்வி கேட்டேனே."

மண்டபம் நினைவுக்கு வந்தது. தோட்டப் பணியாளர்களுக்குப் பயிற்சி நாள் என்று மாநகராட்சி அவளைப் பேச அழைத்திருந்தது. இந்த மண்ணின் செடிகளை முளைக்க விடுங்கள், தண்ணீர் மிச்சமாகும், வண்டும் பட்டாம்பூச்சியும் திரும்பி வரும் என்று திரையில் ஒவ்வொரு பூவாகக் காட்டிப் பேசினாள். கைதட்டினார்கள். அதோடு அவள் மறந்துவிட்டாள்.

அவர் மறக்கவில்லை. புல்லை எடுத்துவிட்டு, ரயில் பாதை ஓரம், இடிந்த மதில் இடுக்கு என்று விடுமுறை நாளிலெல்லாம் அலைந்து விதை பொறுக்கி வந்து தூவினாராம். பிடுங்கிப்போட்ட குவியலிலிருந்து ஒன்றை எடுத்து நீட்டினார்.

தும்பை. உலர்த்தித் தாளில் ஒட்டி, வருஷாவருஷம் மாணவர்களுக்குக் காட்டுகிற அதே தும்பை. ஈர வேரும் மொட்டுமாக அவள் கையில் கிடந்தது.

"இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தா வெள்ளை வெளேர்னு பூத்திருக்கும்மா."

மேலே பால்கனியிலிருந்து நாத்தனார், நன்றாக நாலு கேள்வி கேளுங்கள் என்பதுபோல் கையை ஆட்டிக்கொண்டிருந்தாள். அண்ணி தலை நிமிரவில்லை.

"நீங்க அன்னிக்கே சொன்னீங்க. முதல் வருஷம் காடு மாதிரிதான் தெரியும், விவரம் இல்லாதவங்க யாராவது புகார் கொடுப்பாங்க, கலங்காதீங்கன்னு. அப்படியே நடந்துச்சு பாருங்க."

நாளையிலிருந்து அவருக்குக் குப்பை வண்டியில் வேலையாம். தோட்டத்துப் பக்கமே இனி விடமாட்டார்களாம்.

செழித்து வளர்கிறது என்று தான் எழுதிய வரி, ஒரு பிழையும் இல்லாமல் அவள் நெஞ்சுக்குள் ஓடியது.

"அந்தப் புகார்..." என்று ஆரம்பித்தாள்.

தன்னையும் விசாரிப்பார்களோ என்று அவள் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு அவர் குரலைத் தாழ்த்தினார்.

"பதறாதீங்கம்மா. யார் சொல்லி இப்படிச் செஞ்சேன்னு துருவித் துருவிக் கேட்டாங்க. நானாத்தான் செஞ்சேன்னு சொல்லிட்டேன். அந்தப் புகார்ல உங்க பேரு எங்கேயும் வந்துடக் கூடாது பாருங்க."